பணம் கட்டியாச்சு, பதிவுல இருக்கா? கார் இன்ஷூரன்ஸ் எங்கே பதிவாகுது, யார் பார்க்கிறாங்க?

இன்னைக்குப் பேசப்போறது கார் இன்ஷூரன்ஸ் பத்தி. உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க, பாலிசி விற்க வரலை. நீங்க கட்டின பணம் எங்கே பதிவாகுது, ரோட்டுல நிறுத்துற போலீஸ் அதை எப்படிப் பார்க்கிறார், அந்தப் பதிவு தப்பா இருந்தா யாருக்கு அடி விழும்னு மட்டும் பார்க்கப்போறோம்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, மாட்டித் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரகடம் ஜங்ஷன், சாயங்காலம் ஷிஃப்ட் விடுற நேரம். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, நடுவுல என்னோட செகண்ட் ஹேண்ட் கார். போலீஸ் ஓரம் கட்டச் சொன்னார். லைசன்ஸைப் பார்த்தார், கையில இருந்த மெஷின்ல வண்டி நம்பரைத் தட்டினார். "இன்ஷூரன்ஸ் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே தம்பி?" எனக்கு ஒரே ஆச்சரியம். ஏஜென்ட் மூலமா அப்பவே பணம் கட்டி, பாலிசி பிடிஎஃப் போன்ல இருக்கு. கெத்தா எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துட்டு, கீழே குனிஞ்சு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "நீங்க பணம் கட்டினது உண்மைதான். ஆனா இந்த வண்டிக்கு இல்லையே."

வண்டி நம்பர்ல கடைசி ரெண்டு எண் இடம் மாறியிருந்தது. மூணு வாரமா என் போன்லேயே இருந்த பிடிஎஃப். நான் ஒரு தடவைகூடத் திறந்து படிக்கலை.

அபராதத்தைவிட வேற ஒண்ணுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அதுக்கு முந்தின வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டுல, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கின ஒரு அக்கா சாப்பாட்டுப் பையோட ரோட்டைக் கடந்தாங்க. கடைசி நொடியில பிரேக் பிடிச்சேன், ஒரு அடி தள்ளி வண்டி நின்னுச்சு. அன்னைக்கு இடிச்சிருந்தா? இந்த எபிசோடே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

சரி, முதல்ல இருந்து வருவோம். என் காரோட பதிவு தொடங்குற இடம் அந்த ஜங்ஷனுக்குக் கொஞ்ச தூரத்துலதான் இருக்கு: இருங்காட்டுக்கோட்டை. 1998-ல ஹூண்டாய் இங்கேதான் சான்ட்ரோவைத் தயாரிக்க ஆரம்பிச்சது. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது காருக்கு நம்பர் பிளேட் கிடையாது. ஆனா பெயர் உண்டு. அதுதான் சேசிஸ் நம்பர், மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். இதுல ஐ, ஓ, க்யூ ஆகிய மூணு ஆங்கில எழுத்தும் வரவே வராது. ஒண்ணோடயும் பூஜ்யத்தோடயும் குழம்பிடக் கூடாதுன்னு வச்ச விதி. அதனால உங்க பாலிசியில சேசிஸ் நம்பர் நடுவுல 'ஓ' இருந்தா, யாரோ தப்பா டைப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

ஷோரூம்ல வாங்கும்போது இன்ஷூரன்ஸ்தான் முதல்ல, ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம். இன்ஷூரன்ஸ் இல்லாம ஆர்டிஓ பதிவு நடக்காது. அதனால முதல் பாலிசி சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வச்சுத்தான் எழுதப்படும். ஸ்ரீபெரும்புதூர்னா டிஎன் 87-னு தொடங்குற நம்பர், அதுக்கப்புறம்தான் கிடைக்கும். அந்த நம்பரை பாலிசியில சேர்த்தாச்சான்னு நம்மில் பலர் பார்க்கிறதே இல்லை.

பாலிசி போட்டதும் அந்த விவரம் எங்கே போகுது? ஹைதராபாத்துல இந்திய காப்பீட்டுத் தகவல் மையம்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா ஐஐபி. 2009-ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உருவாக்கினது. எல்லாக் கம்பெனிகளோட மோட்டார் பாலிசி விவரமும் அங்கே சேருது. இன்னொரு பக்கம் 'வாகன்'. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக என்ஐசி உருவாக்கின, நாடு முழுக்க வண்டிப் பதிவு இருக்கிற தரவுத்தளம். இன்ஷூரன்ஸ் விவரம் இதுக்குள்ள வந்து, வண்டி நம்பரோடயும் சேசிஸ் நம்பரோடயும் ஒட்டிக்கணும். போலீஸ் கையில இருக்கிற இ-சலான் மெஷின் கேட்கிறது இந்த வாகனைத்தான். நம்பர் பொருந்தலைன்னா, நீங்க கட்டின பணம் யாரோ ஒருத்தர் வண்டி மேல போய் ஒட்டிக்கும், இல்லன்னா எங்கேயும் ஒட்டாது.

பேப்பர் கையில இல்லைன்னா பிரச்சினை இல்லை. 2018 நவம்பர்ல மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்திட்டாங்க. டிஜிலாக்கர்லயோ எம்-பரிவாகன் ஆப்லயோ இருக்கிற ஆவணத்தைக் காட்டினாலே செல்லும்.

இன்ஷூரன்ஸே இல்லாம ஓட்டினா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146: மூணாவது நபருக்கான காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி, கட்டாயம். பிரிவு 196: முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. இதைத் தெரிஞ்சும், நாட்டுல இருக்கிற வண்டிகள்ல ஏறத்தாழ பாதிக்கு இன்ஷூரன்ஸ் இல்லைங்கிறதுதான் நிலைமை.

இதை மாத்தறதுக்குக் காரணமா இருந்தவர் நம்ம ஊர்க்காரர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் பத்தி 2012-ல உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். அந்த வழக்குல 2018 ஜூலையில வந்த உத்தரவாலதான், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூணு வருஷம், புது பைக்குக்கு அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை ஒரேயடியா எடுக்கணும்னு ஆச்சு.

இதுல ஒரு குழப்பமும் வந்துச்சு. உங்க காருக்கு ஏற்படுற சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். தேர்ட் பார்ட்டி மூணு வருஷம். ஒரே பாலிசியில ரெண்டு தேதி. ஆப்ல ஒரு தேதியைப் பார்த்துட்டு எல்லாம் ஓகேன்னு விட்டுடாதீங்க.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். அன்னைக்கு இடிச்சிருந்தா? விபத்து நடந்தா போலீஸ் அதை இ-டார்ங்கிற சிஸ்டத்துல ஏத்தறாங்க. இதுக்கு அடிப்படையான ஐராட் தரவுத்தளத்தை உருவாக்கினது நம்ம ஐஐடி மெட்ராஸ். வண்டி நம்பரைப் போட்டா விவரம் வாகன்ல இருந்துதான் வரும். அங்கே இன்ஷூரன்ஸ் இல்லைன்னு வந்தா, அந்த அக்கா குடும்பத்தோட அலைச்சல் அங்கேயே ஆரம்பிச்சிடும். என் கேஸ்ல சேசிஸ் நம்பர் சரியா இருந்ததால, பாலிசி இந்த வண்டிக்குத்தான்னு வாதாடியிருக்கலாம். ஆனா ரெண்டு எண் இடம் மாறினதுக்காக அவங்க ட்ரிபியூனல்ல எத்தனை வாய்தா ஏறி இறங்கணும்? நிஜமாவே காப்பீடு இல்லாத வண்டின்னா இன்னும் மோசம். இழப்பீடு முழுக்க உரிமையாளர் தலையில. அவர்கிட்ட இல்லைன்னா, தீர்ப்பு கையில இருக்கும், பணம் இருக்காது. என் கார் மாதிரி 1,000 சிசிக்கு மேல 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு, 2022 ஜூன்ல வச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். ஒரு குடும்பத்தோட பாதுகாப்பு அந்தத் தொகையில இருக்கு.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க, விக்கிறவங்க இதைக் கவனிங்க. பிரிவு 157-படி, கார் கை மாறினா தேர்ட் பார்ட்டி காப்பீடும் தானாக் கூடவே போகும். ஆனா வாங்கினவர் 14 நாளுக்குள்ள கம்பெனிக்குச் சொல்லிப் பெயரை மாத்தணும். உங்க சொந்தச் சேதத்துக்கான பகுதி தானா வராது. வித்தவருக்கும் ஆபத்து உண்டு. பல கை மாறின ஒரு கார் விபத்துல, ஆர்சியில யார் பெயர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்குல சொல்லிடுச்சு. வண்டியை வித்து ரெண்டு வருஷம் ஆனாலும், பதிவுல உங்க பெயர் இருந்தா பொறுப்பும் உங்களுக்குத்தான்.

இந்த எபிசோட் முடிஞ்சதும் மூணே வேலை. ஒண்ணு: ஆர்சியையும் பாலிசியையும் பக்கத்துல வச்சு வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பெயர் நாலையும் ஒப்பிடுங்க. ரெண்டு: எம்-பரிவாகன்ல உங்க வண்டி நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்க. புதுசாப் போட்ட பாலிசின்னா ஏற கொஞ்ச நாள் ஆகலாம், மறுபடி பாருங்க. மூணு: ஏதாவது தப்பா இருந்தா ஆர்சி காப்பியோட கம்பெனிக்கே மெயில் பண்ணி 'என்டார்ஸ்மென்ட்' கேளுங்க. திருத்தம் எழுத்துல வரணும். ஏஜென்ட் போன்ல "பார்த்துக்கறேன் சார்"னு சொன்னா அது திருத்தம் கிடையாது.

நானும் அப்படித்தான் சரி பண்ணேன். இப்பவும் அதே ரோட்டுலதான் போறேன். பஸ் நிக்கிற இடம் வந்தாலே கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. இன்ஷூரன்ஸ் பதிவு சரியா இருக்கிறது எனக்காக மட்டும் இல்லை, அங்கே இறங்கி ரோட்டைக் கடக்கிறவங்களுக்காகவும்தான்.

அடுத்த வாரம் பார்ப்போம். பார்த்து ஓட்டுங்க.