ரத்தத்தில் ஒளியும் கிருமி: மரபணு வரிசையைப் படித்துப் பிடிக்கலாமா?

அடைமழை ஓய்ந்த சில நாட்களில் நீரிழிவுக்காரர் ஒருவர் விடாத காய்ச்சலோடு மலேசியாவின் ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர் நினைத்துப் பார்க்க வேண்டிய நோய்களில் ஒன்று மெலியாய்டோசிஸ். மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லே என்ற பாக்டீரியா, காலில் உள்ள சிறு புண் வழியாகவே உள்ளே புகுந்துவிடும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தக் கிருமி அதிகம் தாக்குவது அவர்களைத்தான்.

ரங்கூனில் இந்நோயைக் கண்டறிந்து 1912இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும். பிறகு அது 'விட்மோர் நோய்' என்றே வழங்கியது; கிருஷ்ணசுவாமியின் பெயர் அதில் சேராதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இதைக் கண்டறிய இன்றும் முதல் வழி ரத்தக் கல்ச்சர். எட்டு முதல் பத்து மில்லி ரத்தத்தைச் சத்துக்கரைசல் உள்ள புட்டியில் ஏற்றி, இளஞ்சூட்டில் வைப்பார்கள். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். புட்டியின் அடியிலுள்ள உணரி நிறம் மாறும். ஐந்து நாள்வரை காத்திருப்பார்கள். ஆனால் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். முன்பே கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருந்தால், இருப்பதும் வளராமல் போகலாம். வளர்ந்தாலும் வேறொரு பாக்டீரியா என்று தவறாக அடையாளம் காணப்படுவதுண்டு. அதற்குள் நோயாளியின் நிலை கைமீறிப் போய்விடலாம். காத்திருக்கும் நேரத்தில் பென்சிலினோ ஆம்பிசிலினோ கொடுத்தாலும் இந்தக் கிருமியிடம் எடுபடாது.

மாறாக, டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் மரபணு வரிசைமுறைக்குக் கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை. செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டுகளும் ரத்தத்தில் மிதக்கும். அவற்றையெல்லாம் படித்து, மனித டிஎன்ஏவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். இந்தக் கிருமியின் சுமார் 72 லட்சம் எழுத்து நீளமுள்ள மரபணுத் தொகுதி 2004இலேயே முழுதாக வெளியாகிவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க அசல் கையில் இருக்கிறது.

சிக்கல் கழிப்பதில்தான். படிக்கப்படுவதில் பெரும்பங்கு நோயாளியின் சொந்த டிஎன்ஏ. ஊசி குத்திய தோலிலிருந்தும், சோதனைக்கான ரசாயனங்களிலிருந்தும் வேற்றுக் கிருமிகளின் தடயங்கள் கலந்துவிடும். செலவும் அதிகம். எந்த மருந்து கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல, வளர்த்தெடுத்த உயிர்க்கிருமி இன்னும் வேண்டும். கல்ச்சர் கைவிட்ட, காரணம் தெரியாத காய்ச்சலுக்கே வரிசைமுறையை முதலில் ஒதுக்க வேண்டும் என்பேன்.

செபராங் பிறை வயலில் வேலை செய்பவர், வெள்ளத்தில் நடந்தவர், நீரிழிவு உள்ளவர் யாரானாலும் காய்ச்சல் வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஏறுமுன் ரத்தம் எடுக்கப்பட வேண்டும். சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினால், ஆய்வகத்தினர் அந்த மாதிரியைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்தே கையாள்வார்கள். மூச்சு வழியாக அவர்களுக்கும் தொற்றக்கூடிய கிருமி இது.