குளிர் பள்ளத்தைத் தேடும்

உயரம் ஏற ஏறக் குளிர் கூடும் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. கோலாலம்பூரில் வியர்வை வழிய நிற்கும் நாம், கேமரன் மலைக்குப் போனதும் கம்பளிச் சட்டையைத் தேடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் குறையும் என்பது கணக்கு. ஆனால் சில இரவுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகி விடுகிறது. மேட்டில் இருப்பவரைவிடப் பள்ளத்தில் இருப்பவர் அதிகமாக நடுங்குகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, தம் வீட்டு வெப்பமானியைக் கொண்டு இதைக் கண்டு எழுதி வைத்த ஒருவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் கில்பர்ட் ஒயிட். 1720-ஆம் ஆண்டு பிறந்து 1793-இல் மறைந்தவர். தென் இங்கிலாந்தில் ஹேம்ப்ஷயர் வட்டாரத்திலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரே அவருடைய உலகம். தொழிலால் அவர் விஞ்ஞானி அல்லர். தேவாலயத்தில் துணைக் குருவாகப் பணியாற்றியவர். எனினும், தோட்டத்தில் எது எப்போது பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது, மழை எப்படி, பனி எப்படி என்று நாள்தோறும் குறித்து வந்தார். 1751-இல் தொடங்கிய இந்தப் பழக்கத்தை அவர் முதுமையிலும் விடவில்லை. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1789-இல் நூலாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகின்றன.

1784-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நடந்ததைப் பார்ப்போம். 7-ஆம் தேதி செல்போர்னில் வெண்பனி கொட்டத் தொடங்கியது. 9-ஆம் தேதி காலையில் தரையெங்கும் பன்னிரண்டு முதல் பதினைந்து அங்குலம் வரை பனி மூடிக் கிடந்தது. ஊர்ப் பாதைகள் அடைபட்டுப் போயின. அன்று மாலை குளிர் மேலும் கடுமையாகவே, ஒயிட் இரண்டு வெப்பமானிகளை வெளியே தொங்கவிட்டார்.

அவை பாரன்ஹீட் அளவைக் காட்டுபவை. அந்த அளவில் 32 பாகையில் நீர் உறையும். அன்று இரவு பத்து மணிக்குப் பாதரசம் 21-இல் நின்றது. பதினொரு மணிக்கு 4-க்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் பூஜ்யத்திற்கும் அரைப் பாகை கீழே போயிற்று. ஒரு கருவியில் 4-க்குக் கீழே அளவுக் கோடுகளே இல்லை. குளிர் உச்சத்தை எட்டிய நேரத்தில் அதன் பாதரசம் பித்தளை மூடிக்குள் ஒளிந்துகொண்டது! அக்கருவி பயனற்றுப் போனதை ஒயிட் சற்று எரிச்சலோடு குறிப்பிடுகிறார்.

செல்போர்னுக்கு அருகில் நியூட்டன் என்ற மேட்டூர் இருக்கிறது. அது ஒயிட் வீட்டைவிட இருநூறு அடிக்கு மேல் உயரமானது. இங்கேயே இப்படி என்றால் அங்கே குளிர் எவ்வளவு கொடியதாக இருக்கும் என்று அவர் எண்ணினார். அங்கிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதி, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துச் சொல்லும்படி வேண்டினார்.

பதில் வந்தது. 10-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குச் செல்போர்னில் பூஜ்யத்திற்குக் கீழே 1 பாகை. அதே நேரத்தில் நியூட்டனில் 17 பாகை! மறுநாள் காலையில் கீழே 10, மேலே 22.

ஒயிட் திகைத்துப் போனார். மேட்டூரார் கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. தம் வெப்பமானிகளில் ஒன்றை மேலே அனுப்பி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்தார். இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டின. கருவியில் பிழை இல்லை, எதிர்பார்ப்பில்தான் பிழை. அந்த ஓர் இரவில் மேட்டூரைவிடச் செல்போர்னில் 18 பாகை குளிர் அதிகம். செல்சியஸ் கணக்கில் அது சரியாக 10 பாகை வேறுபாடு.

தோட்டங்களும் இதற்குச் சாட்சி சொல்லின. குளிர்காலத்திலும் பசுமை மாறாத சைப்ரஸ், லாரல் முதலியவை ஒயிட்டின் தோட்டத்தில் கருகிப் போயின. அவர் பெருமையோடு வளர்த்த லாரல் வேலியும் தப்பவில்லை. மேட்டூரிலோ அதே மரங்கள் ஓர் இலையைக்கூட இழக்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன? பகலில் வெயிலை வாங்கிக்கொள்ளும் தரை, இரவில் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் ஓரளவு காக்கும். வானம் தெளிந்திருந்தால் தடுப்பு இல்லை. தரையில் வெண்பனியும் மூடியிருந்தால், மண்ணின் அடிச்சூடு மேலே வர வழியில்லாமல் பனியின் மேற்பரப்பு மிக விரைவில் குளிர்ந்துவிடும். 1814-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனித்துளியைப் பற்றிய தம் ஆய்வுரையில், தரை இவ்வாறு இரவில் வெப்பத்தை இழப்பதை விளக்கிக் காட்டினார்.

குளிர்ந்த தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல அதுவும் சரிவு வழியே மெல்ல இறங்கிப் பள்ளத்தில் குளம்போலத் தேங்குகிறது. மேட்டிலோ, இறங்கிப்போன காற்றின் இடத்திற்கு மேலிருந்து சற்றுச் சூடான காற்று வருகிறது. பலத்த காற்று வீசினால் இரண்டும் கலந்துவிடும். அன்று இரவு காற்று அசையவே இல்லை என்பதையும் ஒயிட் மறவாமல் எழுதியிருக்கிறார். அந்தச் சிறு குறிப்பு இன்று நமக்குப் பெரிய விளக்கமாகிறது.

இது வெறும் ஏட்டறிவு அன்று. குளிர் நாடுகளில் பழத்தோட்டம் போடுகிறவர்கள் பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவை நாடுகிறார்கள். வேலியின் தாழ்ந்த பக்கத்தில் குளிர்காற்று வெளியேற வழி விடுகிறார்கள். சில இடங்களில் பெரிய விசிறிகளைச் சுழற்றி மேலிருக்கும் சூடான காற்றைக் கீழே கொண்டுவருகிறார்கள். நம் நாட்டில் உறைபனி இல்லாவிட்டாலும், அமைதியான இரவுக்குப் பின் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் மூடுபனி வெள்ளமாய்த் தேங்கிக் கிடப்பதை விடியற்காலையில் காணலாம். அதற்கும் பெரும்பாலும் இதே குளிர்காற்றுதான் காரணம்.

நேயர்களே, ஒயிட்டிடம் இருந்தவை ஒன்றிரண்டு வெப்பமானிகளும் ஒரு குறிப்பேடும்தான். தம் எண்ணத்திற்கு மாறான அளவு வந்தபோது அதை அவர் ஒதுக்கித் தள்ளியிருந்தால், அந்த இரவின் உண்மை பனியோடு கரைந்து போயிருக்கும். அவர் சோதித்தார், ஒப்புக்கொண்டார், தாம் தவறாக எண்ணியதையும் சேர்த்தே எழுதி வைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகளும் நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வரலாம். மேட்டில் வாழும் நண்பரின் குறிப்போடு அதை ஒப்பிட்டும் பார்க்கலாம். எதிர்பாராத அளவு வந்தால் அழித்துவிட வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.