சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

கி.மு. 73இல் கப்புவா நகரத்து அடிமை வாள்வீரர் பள்ளியிலிருந்து சுமார் 70 பேர் தப்பியபோது அவர்கள் கையில் இருந்தவை சமையல்கட்டுக் கத்திகளும் இறைச்சி வாட்டும் கம்பிகளும்தான். வெசூவியஸ் மலைமேல் ரோமானியப் படை வழியை அடைத்ததும், காட்டுக்கொடிகளைத் திரித்து மறுபக்கம் இறங்கினார்கள். அவர்களின் தலைவர் ஸ்பார்ட்டகஸின் கதையில் எனக்குப் பிடித்த இடம் அது. கைக்கு எட்டியது எதுவோ, அதுவே ஆயுதம்.

1941இல் மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் கைக்கு எட்டியது சைக்கிள்.

ரப்பர் மரப்பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் விடியலை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்கும், பால் ஓட்டம் குறையும். இருட்டோடு இருட்டாகத் தொழிலாளர்களைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கவைத்ததன் காரணம் இதுதான். மரத்தின் உடற்கூறே மனிதனின் கடிகாரமானது. பால்வெட்டுக்காரர்களான தமிழர்கள் அடிமைகள் அல்லர், கூலி வாங்கினார்கள். ஆனால் குடியிருந்த லயம் தோட்டத்துடையது. வேலை போனால் கூரையும் போகும். வெள்ளைக்காரத் துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்கவேண்டும்.

1941இல் வேலைநிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளர்களின் கோரிக்கைகளில் அந்த வழக்கத்தை ஒழிப்பதும் இருந்தது. சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில்! சின்ன விஷயமாகத் தெரியலாம். தினமும் செய்யவைக்கப்படும் சின்ன விஷயம்தான் மனசை வளைக்கிறது.

அவர்களுக்கு ஏன் அந்த ஆண்டு துணிச்சல் வந்தது? 1938இல் இந்திய அரசு, மலாயாவுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்துவிட்டது. இருப்பவரைத் துரத்தினால் அடுத்த கப்பலில் புது ஆள் வரமாட்டார். உலகப்போரால் ரப்பருக்கோ ஏகக் கிராக்கி. ரோமாபுரிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. ஒரு போரில் வென்றால் சந்தை நிறைய அடிமைகள்.

வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன் பால் வெட்டியவர் அல்லர். கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியர், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியாளர். அவரை லயத்திலிருந்து விரட்ட எந்தத் துரையாலும் முடியாது, ஏனென்றால் அவர் லயத்தில் இல்லை. எனவே அரசாங்கமே இறங்கியது. மே மாதத் தொடக்கத்தில் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தியது. கைதைக் கேட்டதும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. 16 மே அன்று கிள்ளான் அடங்கிய சிலாங்கூர் மாநிலத்தில் அவசரநிலை. அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். தெற்கு நோக்கி அவர்கள் வந்தது பெரும்பாலும் சைக்கிளில். எந்தத் துரையைக் கண்டும் இறங்கவில்லை. 11 ஜனவரி 1942இல் கோலாலம்பூர் விழுந்தது. இதே தோட்டத் தமிழரை அவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிப்போனது அதற்கடுத்த ஆண்டு.