கட்டியை எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டை வாங்கினீர்களா?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களே, மாதாமாதம் அளவுக்கு மீறிய உதிரப்போக்கை 'உடம்புச் சூடு' என்று தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பப்பைக் கட்டியாக, அதாவது பைப்ராய்டாக இருக்கலாம். பைப்ராய்டு புற்றுநோய் அல்ல. ஆனால் பைப்ராய்டு என்று கருதி எடுக்கும் கட்டி, அரிதாகச் சார்கோமா என்னும் புற்றுநோயாக இருந்துவிடுவதுண்டு. புற்றுநோய்போல் தோன்றும், ஆனால் புற்றுநோய் அல்லாத அபூர்வ வகைகளும் உண்டு. ஸ்கேனை மட்டும் வைத்து இவற்றை உறுதியாகப் பிரித்தறிய முடியாது.

அபூர்வ வகைகள்

ஒரு வகையில் செல்கள் நெருக்கமாக அடர்ந்திருக்கும். இன்னொன்றில் செல்லின் உட்கரு கோணல்மாணலாகத் தெரியும். நஞ்சுக்கொடிபோலச் சிவந்து கர்ப்பப்பைக்கு வெளியே புடைத்து நின்று, அறுவை மருத்துவரையே திகைக்க வைக்கும் வகையும் உண்டு. ரத்தக்குழாய்க்குள் வளரும் வகை, மிக அரிதாக இதயம் வரை எட்டிவிடும். அதற்குத் தொடர்கண்காணிப்பு தேவை. பரம்பரையாக வரும் ஒரு வகை, குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் அபாயம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நோய்க்குறியியல் மருத்துவர் நுண்நோக்கியில் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறார்: உட்கருவின் ஒழுங்கின்மை, செல்கள் பிரியும் வேகம், கட்டிக்குள் திசு மடிந்திருக்கும் விதம். இந்த முடிவு தவறினால், தேவையற்ற சிகிச்சை ஒருபுறம், கவனிக்காமல் விட்ட புற்றுநோய் மறுபுறம்.

சிறு துளை வழி அறுவையான லேப்ராஸ்கோபியில் கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கும்போது, உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோய் பரவக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. "முழுசா எடுப்பீங்களா, துண்டாக்கியா? துண்டாக்கினால் சிதறாதபடி ஒரு பைக்குள் வைத்துச் செய்வீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

உங்கள் உரிமை

சமீரா கோலி என்ற நோயாளியின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் கர்ப்பப்பையை அகற்றத் தந்த சம்மதம் ஆகாது. நோயாளி மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் வாங்கிய சம்மதமும் செல்லவில்லை. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாத நிலை மட்டுமே விதிவிலக்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும்.

என்ன செய்யலாம்?

எடுத்த கட்டி பயாப்சிக்குப் போனதா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். புரியாத பெயரோ சந்தேகமோ இருந்தால், ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் திசுக்களைப் பார்த்துப் பழகிய இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வழிகாட்டுதலுக்கு 104-ஐ அழைக்கலாம்.

கட்டணச் சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம்.

தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்துவிடவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டைப் படித்து மருத்துவர் விளக்கிய பிறகே அது முடிகிறது. அதுவரை கேட்டுக்கொண்டே இருங்கள்.