காகிதத்தைக் காக்கும் சுண்ணாம்பு

பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் காகிதம் பழுப்பாகி இருக்கும். மடிப்பில் கை பட்டால் ஒடியும். விஜயபுரம் போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு நிலத்தின் ஆதாரம் இந்தக் காகிதம்தான். பூச்சி அரிக்காமலே அது ஏன் ஒடிகிறது?

காகிதத்துக்குள் இருக்கும் அமிலமே காரணம். எலுமிச்சையிலும் புளியிலும் உள்ள புளிப்பும் அமிலம்தான்.

முற்காலத்தில் கந்தல் துணியை அரைத்துக் காகிதம் செய்தார்கள். அது நெடுநாள் உழைத்தது. பின்னர் மரக்கூழில் காகிதம் செய்தார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகார உப்பையும் பிசினையும் சேர்த்தார்கள். படிகார உப்பு ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் காகிதத்தின் நாரை அறுக்கும்.

அமிலத்தை முறிப்பது காரம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஒரு காரம். அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் சுண்ணாம்பு கொண்டு காகிதத்தைக் காக்கும் முறையைக் கண்டார். ஆவணக் காப்பகங்களில் இம்முறை பரவியது.

முதலில் மை கரைகிறதா என்று ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பார்கள். கரையாவிட்டால், தெளிந்த சுண்ணாம்பு நீரில் சுமார் 20 நிமிடம் காகிதத்தை ஊற வைப்பார்கள். அமிலம் முறியும். அடுத்து, கால்சியம் பைகார்பனேட் கரைந்த நீரில் ஊற வைத்து உலர்த்துவார்கள். காகிதத்தில் சிறிது சுண்ணப்பொடி தங்கும். புதிதாக வரும் அமிலத்தை அது தடுக்கும். மை கரையுமானால், தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் கரைத்த மருந்தைப் பயன்படுத்துவார்கள்.

ஆனால் இழந்த வலு திரும்பாது. ஆகவே நகலும் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஏராளமான பழைய தமிழ் நூல்களைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே நூல்களைச் சிறிய படச்சுருளில் படம் எடுத்துக் காத்தார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* பத்திரத்தை நீங்களே சுண்ணாம்பு நீரில் நனைக்காதீர்கள். அது பழகியவர் செய்யும் வேலை.
* லேமினேஷன் செய்யாதீர்கள். அமிலம் உள்ளேயே இருக்கும். பிறகு பிரிப்பதும் கடினம்.
* வெயில், ஈரம், அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள்.
* மடிக்காமல் உறையில் போட்டு வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அதிலும் அமிலம் உண்டு.
* பதிவு செய்த பத்திரமானால், பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

காகிதம் ஒடிவதற்கு முன்பே இவற்றைச் செய்யுங்கள்.