‘மெட்ராஸ் ஐ’க்கு வெந்நீர் ஊற்றில் ஓர் உறவு

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே கடலோரமாக விரிந்து கிடக்கின்றன மரக்காணம் உப்பளங்கள். எந்த நாட்டு உப்பளமானாலும், பாத்தி நீர் வெயிலில் சுண்டி உப்பு மிகும்போது சில நேரம் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம், உப்பை விரும்பும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பார்வைக்கு பாக்டீரியா போலிருந்தாலும் இவை தனிக்குலம் என்று 1977-இல் காட்டினார் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ்.

இந்தக் குலத்தைத் தாக்கும் வைரஸ் அதற்கு முன்பே, 1974-இல், உப்பு விரும்பும் இனம் ஒன்றில் பதிவாகிவிட்டது. ஆனால் வைரஸ் வகைப்பாட்டையே புரட்டிப்போட்டவை வெப்பம் விரும்பும் ஆர்க்கியாவின் வைரஸ்கள்தான்.

80 டிகிரி சூட்டில், அமிலம் கலந்த ஊற்றுநீரில் பெருகும் சல்ஃபோலோபஸ் போன்றவற்றை ஜெர்மனியின் வோல்ஃப்ராம் சில்லிக் குழுவினரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆராய்ந்தார்கள். கிடைத்த வைரஸ்களின் வடிவங்கள் அதுவரை காணாதவை. எலுமிச்சை வடிவத்தவை ஃபுசெல்லோவிரிடே, விறைத்த கோல் போன்றவை ருடிவிரிடே, புட்டி வடிவத்தவை ஆம்புல்லாவிரிடே எனப் புதுப்புதுக் குடும்பங்கள் பிறந்தன. இத்தாலியின் பொஸ்ஸுவோலி ஊற்றில் கிடைத்த ஒரு வைரஸ், செல்லைவிட்டு வெளியேறிய பிறகு, சூடான நீரில் தானாகவே இரண்டு வால்களை வளர்த்துக்கொள்கிறது.

வடிவம் மட்டும் உறவைச் சொல்லிவிடாது.

கோல் வடிவ வைரஸ் ஒன்றின் டி.என்.ஏ., நம் செல்களில் வழக்கமாக உள்ள ‘பி’ வடிவில் இல்லாமல், இறுகிய ‘ஏ’ வடிவில் இருப்பது 2015-இல் தெரிந்தது. இழை வடிவ வைரஸ்களிலும் அதே அமைப்பு. இதை வைத்து இவற்றுக்கென்றே ‘அட்னவிரியா’ என்ற தனிப் பெரும்பிரிவு 2021-இல் உருவானது. மாறாக, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றில் கிடைத்த இன்னொரு வைரஸின் உறைப்புரதம், ‘மெட்ராஸ் ஐ’ கண்நோயை உண்டாக்கும் அடினோவைரஸின் உறைப்புரதம் போலவே மடிந்திருக்கிறது. கொதிநீர் ஆர்க்கியாவைத் தாக்குவதும் மனிதக் கண்ணைச் சிவக்கவைப்பதும் மிகப் பழைய மூதாதை ஒன்றின் வழிவந்தவை என்பதற்கு இது வலுவான சான்று. இரண்டும் இன்று ஒரே பெரும்பிரிவில் வைக்கப்பட்டுள்ளன.

இத்தகைய வைரஸ்களைத் தேட, இமயமலையில் மணிகரண் போன்ற கொதிநீர் ஊற்றுகள் நமக்கு உண்டு. அவ்வளவு தூரம் போகாமலும் தொடங்கலாம்: எலுமிச்சை வடிவ வைரஸ் ஆஸ்திரேலியாவின் உப்பளத்திலும் கிடைத்திருக்கிறது. மரக்காணமோ விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கு படிக்கும் அறிவியல் மாணவர்களை உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி உள்ள பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கதவு திறக்கட்டும்.