பொறி சொல்லும் செய்தி

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்று, பெரிய எந்திரத்தின் நலத்தைக் காக்கவும் வல்லது. அதன் கேட்டினை முன்கூட்டியே அறிவிக்கவும் வல்லது. பட்டறைகளில் 'ஸ்பார்க் பிளக்' என வழங்கும் தீப்பொறிச் செருகியே அக்கருவி. காற்றை மிகுதியாகத் திணித்து இயங்கும் மகிழுந்துகளில் அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அது காட்டும் அறிகுறிகளை எவ்வாறு படிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அழுத்துகிறது. உரிய கணத்தில் ஒரு மின்பொறி பாய, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. டீசல் எந்திரத்தில் அழுத்தத்தால் விளையும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பெட்ரோல் எந்திரத்துக்கோ பொறி தேவை. நான்கு வீச்சு எந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது ஒவ்வொரு செருகியும் நொடிக்கு 50 முறை பொறியைத் தரவேண்டும்.

1860ஆம் ஆண்டில் எத்தியேன் லெனுவார் உருவாக்கிய வளிம எந்திரத்திலேயே மின்பொறி பயன்பட்டது. 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்தக் காந்த மின்னாக்கியையும் அதற்கேற்ற செருகியையும் வடிவமைத்தார். அதன்பின் விரைந்து சுழலும் எந்திரங்களுக்கு நம்பத்தகுந்த பொறி கிடைத்தது.

காற்றைத் திணிக்கும் கருவி

இயல்பான எந்திரம் தன்னைச் சூழ்ந்த காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வளிமண்டல அழுத்தம் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுமோ ஏறத்தாழ அவ்வளவே அதற்குக் கிடைக்கும். இந்த எல்லையைக் கடக்க உதவுவது மிகையூட்டி எனப்படும் சூப்பர்சார்ஜர். எந்திரத்தின் சுழல்தண்டிலிருந்து வார்ப்பட்டை வழியாகவோ பற்சக்கரங்கள் வழியாகவோ ஆற்றலைப் பெற்று, இது காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்துகிறது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போசார்ஜரும் இதே பணியைச் செய்கிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதியே பல மிகையூட்டிகளுக்கு முன்னோடி. ஊதுலைகளுக்குக் காற்றூட்டப் பயன்பட்ட அவ்வடிவம் பின்னர் மகிழுந்துக்குள் இடம்பெற்றது. 1921இல் பெர்லினில் நடந்த காட்சியில் மெர்சிடிஸ் மிகையூட்டி பூட்டிய மகிழுந்துகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், ஆற்றலும் பெருகும். கூடவே உருளையின் வெப்பமும் அழுத்தமும் உயரும். இவ்விரண்டையும் நேருக்குநேர் தாங்குவது செருகியின் முனையே. ஆகவே, இயல்பான எந்திரத்துக்குப் பொருந்திய செருகி, மிகையூட்டி பூட்டிய எந்திரத்துக்குப் பொருந்தாமற்போகலாம்.

வெப்பமும் குளிர்ச்சியும்

செருகிகளை 'வெப்பச் செருகி', 'குளிர்ச் செருகி' என வகைப்படுத்துவர். வெப்பச் செருகி சூடான பொறியைத் தரும் என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. செருகியின் முனை ஏற்கும் வெப்பத்தை அது எவ்வளவு விரைவாக எந்திரத் தலைப்பகுதிக்குக் கடத்திவிடுகிறது என்பதையே இப்பெயர்கள் குறிக்கின்றன. நடு மின்முனையைச் சூழ்ந்த பீங்கானின் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் நீளும். முனை சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையானால் வெப்பம் விரைந்து வெளியேறும், முனை குளிர்ந்திருக்கும்.

முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் அதில் படியும் கரி எரிந்து நீங்காது. படிந்த கரி மின்னைக் கடத்துவதால், பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசிந்துவிடும். வெப்பநிலை ஏறத்தாழ 850 பாகையைத் தாண்டினாலோ முனையே தணல்போலக் கனன்று, பொறி பாயும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். இந்த முன்னெரிதல் பிஸ்டனையே உருக்கிவிட வல்லது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே முனையை நிறுத்துவதே சரியான தேர்வு.

1930களின் கிராண்ட் பிரீ பந்தயங்களில் இச்சிக்கல் தெளிவாக வெளிப்பட்டது. 1937ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் டபிள்யூ 125 பந்தய மகிழுந்து, மிகையூட்டியின் துணையுடன் 500க்கும் மேற்பட்ட குதிரைத்திறனைத் தந்தது. அத்தகைய எந்திரங்களை வெப்பச் செருகிகளால் இயக்கிச் சூடேற்றிய பிறகு, பந்தயத்துக்கெனக் குளிர்ச் செருகிகளை மாட்டினர். மெதுவாக இயங்கும் எந்திரத்தில் குளிர்ச் செருகி கரியேறும். முழு விசையில் வெப்பச் செருகி தாங்காது.

சாலையில் செல்லும் மகிழுந்துக்கு இவ்வாறு மாற்றிக்கொண்டிருக்க இயலாது. உற்பத்தியாளர் பரிந்துரைத்த செருகியே அதற்கு முதல் தேர்வு. காற்றழுத்தத்தை உயர்த்தி எந்திரத்தை மாற்றியமைத்தால் மட்டுமே குளிர்ந்த வகைக்கு நகர வேண்டும். அதையும் ஒவ்வொரு படியாகச் செய்தல் நன்று. 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உருவான மினி கூப்பர் எஸ் இதற்குத் தக்க சான்று. அதன் மிகையூட்டியை விரைந்து சுழற்றுவதற்காக உரிமையாளர் பலர் சிறிய கப்பியை மாட்டினர். அவ்வாறு செய்தோர் ஒரு படி குளிர்ந்த செருகியையும் தேர்ந்தெடுப்பது வழக்கமாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. என்ஜிகே நிறுவனத்தின் செருகிகளில் வெப்ப எண் உயர உயரச் செருகி குளிர்ந்ததாகும். பாஷ் நிறுவனத்தின் எண் முறையோ இதற்கு நேர்மாறானது. எண்ணை மட்டும் பார்த்து நிறுவனத்தை மாற்றுவோர், குளிர்ச் செருகி என எண்ணி வெப்பச் செருகியை மாட்டிவிட நேரும்.

இடைவெளியின் கணக்கு

வளிமத்தின் அழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் மதிப்பைப் பொறுத்தே பொறி பாயத் தேவையான மின்னழுத்தம் அமைகிறது என்பதை 1889இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் பிரடெரிக் பாஷன் நிறுவினார். மிகையூட்டி அழுத்தத்தை உயர்த்தும்போது இடைவெளி மாறாதிருந்தால், தேவைப்படும் மின்னழுத்தமும் உயரும். தூண்டுசுருளால் அதைத் தர இயலாதபோது பொறி தவறும்.

எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். உள்ளே நுழையும் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்காக உயர்கிறது. எந்திரத்தின் பிற அமைப்புகள் மாறவில்லை எனக் கொள்வோம். பழைய இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பெருக்கற்பலனை மாறாமல் வைக்க வேண்டுமானால் 1.1ஐ 1.5ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.73 மில்லிமீட்டர். நடைமுறையிலும் இத்தகைய எந்திரங்களில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளி பரவலாகக் காணப்படுகிறது. இடைவெளியை அளவுக்குமேல் குறைத்தால் பொறியின் தழல் சிறுத்து, மெதுவான ஓட்டத்தில் எந்திரம் தடுமாறும்.

மின்முனையின் உலோகமும் கருதத்தக்கது. நிக்கல் கலவை 1450 பாகையை ஒட்டியும், பிளாட்டினம் 1768 பாகையிலும், இரிடியம் 2446 பாகையிலும் உருகும். இரிடிய முனையை மெல்லிய ஊசிபோல் வடிக்கலாம், அது குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறியைத் தரும், தேய்வும் குறைவு. திருகுமரையின் விட்டமும் நீளமும் எந்திரத்துக்கு ஒத்திருத்தல் இன்றியமையாதது. நீளம் மிகுந்த செருகி பிஸ்டனில் மோதக்கூடும்.

செருகியைப் படித்தல்

எந்திரம் குளிர்ந்தபின் செருகிகளைக் கழற்றி, எந்த உருளைக்கு உரியது எது என்று புரியுமாறு வரிசையாக வைக்க வேண்டும். நான்கும் ஒரே குறையைக் காட்டினால் எரிபொருள், பொறி பாயும் நேரம், செருகியின் வகை ஆகிய பொதுக் காரணங்களை ஆராய வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் குறை பெரும்பாலும் அந்த உருளையில் இருக்கும்.

மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எந்திரம் நலமாக உள்ளது. உலர்ந்த கருங்கரி, மிகுந்த எரிபொருளையோ வலுவற்ற பொறியையோ அளவுக்கு மீறிய குளிர்ச் செருகியையோ காட்டும். எண்ணெய்ப் பசை, பிஸ்டன் வளையத்தின் அல்லது தடுக்கிதழ் வழிகாட்டியின் தேய்வைச் சுட்டும். வெளுத்துக் கொப்புளித்த மூக்கு மிகைவெப்பத்தின் அடையாளம். பீங்கானில் மின்னும் நுண்ணிய அலுமினியத் துகள்களோ பிஸ்டனே அரிபடுவதன் சான்று. அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டக் கூடாது.

தெரியுமா?

செருகியின் வெளிப்பீங்கான், உலோக உறையைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று படிவதுண்டு. உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்ப்பதால் உண்டாகும் இக்கறை தீங்கற்றது. வளிமக் கசிவு எனக் கருதி நல்ல செருகியை எறிந்துவிட வேண்டியதில்லை.

காரணத்தைத் தேடுதல்

மெதுவாகச் செல்லும்போது சீராக ஓடும் எந்திரம், முழு அழுத்தத்தில் மட்டும் தடுமாறுவது மிகையூட்டிய மகிழுந்துகளில் அடிக்கடி காணும் குறை. முதலில் இடைவெளியை அளக்க வேண்டும். தேய்வினால் அது விரிந்திருக்கலாம். அடுத்து, பீங்கானில் வெடிப்போ மின்கசிவின் கருங்கோடோ உள்ளதா எனக் காண வேண்டும். ஒவ்வோர் உருளைக்கும் தனித் தூண்டுசுருள் இருப்பின், ஐயத்துக்குரிய சுருளை அடுத்த உருளைக்கு மாற்றிப் பார்க்கலாம். குறையும் உடன் இடம்பெயர்ந்தால் பழுது சுருளில் உள்ளது.

மிகைவெப்பத்தின் அடையாளம் கண்டவுடன் குளிர்ந்த செருகியை மாட்டி அமைதியடைவது இடர் மிக்கது. எரிபொருள் ஏற்றி வலுவிழந்திருக்கலாம். எரிபொருளின் ஆக்டேன் எண் குறைந்திருக்கலாம். காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு பழுதடைந்திருக்கலாம். குளிர்ச் செருகி முனையை மட்டுமே காக்கும். எரிபொருள் போதாமல் எரியும் உருளையைக் காக்காது. அறிகுறி மறைய, கேடு உள்ளே வளரும். நெடுஞ்சாலையில் ஒரு சுமையுந்தைக் கடந்து செல்லும் வேளையில் எந்திரம் விசையிழந்தால், இழப்பு எந்திரத்தோடு நிற்பதில்லை.

புதிய செருகியைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். முதற் சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். பின்னர் உற்பத்தியாளர் குறித்த முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். தளர்ந்த செருகியால் தன் வெப்பத்தை எந்திரத் தலைப்பகுதிக்குக் கடத்த முடியாது. எனவே, குளிர்ச் செருகியும் தளர்வாக மாட்டப்பட்டால் மிகைவெப்பம் அடையும்.

பழைய செருகியைக் கழிவெனக் கருதி உடனே எறிவோர், எந்திரம் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பைப் படிக்காமலே கிழிப்பவர் ஆவர். புதியதை மாட்டும் முன் பழையதை ஒளியில் திருப்பிப் பார்த்தல் சில நிமிடப் பணியே. பழுது நீக்கும் கலையின் முதற்படி அங்குதான் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. அருகிலுள்ள வாகனப் பட்டறையில் கழற்றப்பட்ட செருகிகளைப் பார்வையிட்டு, அவற்றின் நிறத்தையும் அதற்குரிய காரணத்தையும் அட்டவணைப்படுத்துக.

2. 'அறிகுறியை நீக்குதலும் காரணத்தை நீக்குதலும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.